கரடியனாற்று ஓவியன் யாருக்காகத் தீட்டுகிறான்?

1

ஈழத்துத் தமிழரின் கலை வளர்ச்சி குறித்து எமது பல்கலைக்கழகங்களில் நடைபெறும் விவாதங்களை ஊன்றிக் கவனிப்போர் ஓர் உண்மையை உணராதிருக்க முடியாது. கவிதை பற்றியும் நாவல் பற்றியும் கூத்துப் பற்றியும் பேசுவதற்கு எம்மிடம் கலைச்சொற்கள் உள. விமரிசனக் கோட்பாடுகள் உள. ஒன்றோடொன்று முரண்படும் அணிகளும் உள. ஓவியம் என்று வந்ததும் எமக்கு நா எழுவதில்லை. ‘நன்றாக இருக்கிறது’, ‘விளங்கவில்லை’ என்னும் இரு தீர்ப்புகளுள் ஒன்றை வழங்கிவிட்டு அப்பாற் செல்கிறோம். நாம் இவ்வாறு விட்டுச்சென்ற இடத்தை வேறு சிலர் நிரப்பியுள்ளனர். எந்த ஓவியம் நல்லது, எந்த ஓவியன் பேசப்படத்தக்கவன், எமது வாழ்வின் எப்பகுதி ஓவியத்துக்கு உரியது என்பவற்றை இன்று பெரும்பாலும் கொழும்பு நகரத்துக் காட்சிக்கூடங்களே தீர்மானிக்கின்றன.

ஓவியன் ஒருவனின் வாழ்க்கையில் தனியாள் கண்காட்சி முக்கியமானதொரு கட்டம். பலர் சேர்ந்து நிகழ்த்தும் காட்சியில் இரண்டொரு படங்களை மாட்டிவிட்டுக் கூட்டத்துள் மறைந்துகொள்ளலாம். தனியாள் காட்சியில் அது இயலாது. இருபது, முப்பது படங்கள் ஒரே கூரையின் கீழ் நிற்கும்போது, தீட்டியவனிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறதா, அன்றி ஒரே தந்திரத்தை முப்பது முறை செய்கிறானா என்பது வெளிப்பட்டுவிடும். கவிஞனுக்கு முதற்றொகுதி எவ்வாறோ அவ்வாறே ஓவியனுக்கு இது. எனவே இத்தகைய காட்சிக்காக ஒருவன் புதிய படங்களை ஆயத்தஞ் செய்யும் அந்த ஓராண்டு அல்லது ஈராண்டுக் காலத்தில் அவனுடைய மனக்கண்முன் நிற்கும் பார்வையாளர் யாவர் என்ற வினா மிக அடிப்படையானது. மட்டக்களப்பின் படுவான்கரையிலே, கரடியனாறு போன்றதோர் ஊரிலே இருந்து தீட்டும் ஓவியனை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். தனியாள் காட்சி தேவை. ஆனால் அது தொடங்குமிடம் தவறு என்பதே எமது வாதம்.

2

முதலில் பொருளாதாரத்தை நோக்குவோம். கலை பற்றிய பேச்சில் இதனைத் தவிர்ப்பது எம்மிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது.

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் ஏ-5 வீதியில், வாவியை விட்டு உள்ளொதுங்கி அமைந்தது கரடியனாறு. வயலும் குளமும் காடும் மந்தையும் சார்ந்த வாழ்க்கை அங்குள்ளது. அவ்வூரிலிருந்து ஒருவன் கொழும்பிற் காட்சி வைக்க விரும்புகிறான் எனக் கொள்வோம். பெரும்பாலும் அவன் ஒரு பாடசாலையிற் சித்திர ஆசிரியனாக இருப்பான். அல்லது வீட்டு வயலையும் கவனிப்பவனாக இருப்பான். முன்மாரி விதைப்புக்கும் வேளாண்மை வெட்டுக்கும் இடைப்பட்ட நாட்களே அவனுக்கு வாய்ப்பவை. அந்நாட்களோ வடகீழ்ப் பருவமழை கொட்டும் நாட்கள். நெய்வண்ணம் காயாது, கித்தானிற் பூஞ்சணம் பிடிக்கும். வண்ணமும் கித்தானும் தூரிகையும் இறக்குமதிப் பொருட்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, கவிஞனின் பேனை விலை சற்றே உயர்ந்தது. ஓவியனுக்கோ தொழிலே நின்றுபோகும் நிலை வந்தது.

இவற்றையெல்லாம் தாண்டி இருபது படங்கள் முற்றுப்பெற்றன என வைத்துக்கொள்வோம். நான்கடிக்கு ஐந்தடியான சட்டகத்தைப் பேருந்தில் ஏற்ற முடியாது. கித்தானைச் சட்டகத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் கொண்டுசென்று, அங்கு மீண்டும் சட்டகம் அடித்து மாட்டவேண்டும். படம் விற்றால் விலையில் 40 முதல் 50 வீதத்தைக் காட்சிக்கூடம் எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். விற்காவிடின் இருபது படங்களும் அதே வழியே திரும்பி வரவேண்டும்.

இந்நிலையில் அவன் விற்கக்கூடிய படத்தைத் தீட்ட முனைவானாயின் அவனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. குறைகூற வேண்டியது, அவனுக்கு வேறு வழி எதனையும் விட்டுவைக்காத எமது கலை நிறுவனங்களையே. அவற்றுள் பல்கலைக்கழகமும் ஒன்று.

3

விற்கக்கூடிய படம் எது? தென்னிலங்கையிலும் வெளிநாட்டிலும் உள்ள பார்வையாளனுக்கு மட்டக்களப்புப் பற்றி இரண்டு படிமங்கள் முன்கூட்டியே உள்ளன. ஒன்று, கல்லடிப் பாலமும் நிலவும் பாடும் மீனும் சேர்ந்த சுற்றுலாப் படிமம். மற்றது, போர்க் காயம். முன்னதைத் தேடுவோர் படத்தை வரவேற்பறையில் மாட்டுகின்றனர். பின்னதைத் தேடுவோர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றனர். இரு சாராருக்கும் பொதுவானது ஒன்றுண்டு: தாம் ஏலவே அறிந்ததை உறுதிப்படுத்தும் படத்தையே இருவரும் நாடுகின்றனர்.

போரை எமது ஓவியர் தீட்டக்கூடாது என்று இங்கு கூறவில்லை. மட்டக்களப்பிற் பிறந்த சுசிமன் நிர்மலவாசன், பாக்கியராஜா புஷ்பகாந்தன் முதலியோரின் ஆக்கங்கள் கொழும்புக் காட்சிக்கூடங்களில் இடம்பெற்றமையும், மட்டக்களப்பில் இருந்தவாறே கமலா வாசுகி பெண்களின் வாழ்வைத் தீட்டிவருவதும் எமக்குப் பெருமை தருவன. அழிந்த மண்ணையும் காணாமற் போனோரையும் அவர்கள் தீட்டியமை அவர்களது வாழ்வின் நேர்மையான விளைவு. 2007 இல் படுவான்கரை மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்த காலத்தை வாழ்ந்து கடந்தவர்க்கு அதனைத் தீட்டும் உரிமையை எவரும் வழங்கவேண்டியதில்லை. எமது கண்டனம் வேறு. காயம் ஒரு சந்தைப் பொருளாகும்போது, காயத்துக்கு வெளியே உள்ள வாழ்வும், காயத்தின் சிக்கலான உண்மையும் ஓவியத்திலிருந்து மெல்ல மறைகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். 2010 செப்டெம்பர் 17 ஆம் நாள் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. 20 பேருக்கு மேல் மாண்டனர். சீன நாட்டவர் இருவரும் அவர்களுள் அடங்குவர். போர் முடிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்ட காலம் அது. வெடித்தவை போர்க்குண்டுகள் அல்ல; சீன நிறுவனமொன்று மேற்கொண்ட வீதி வேலைக்காக, பாறை உடைப்பதற்கென அங்கு வைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள். அது விபத்து என்றே கூறப்பட்டது. இந்நிகழ்ச்சியை எந்தப் படிமத்துள் அடக்குவது? அழகிய மட்டக்களப்பினுள் அது அடங்காது. போர் ஓவியம் என்ற தலைப்பினுள்ளும் அடங்காது. போர் முடிந்தபின் ‘அபிவிருத்தி’ என்ற பெயரில் வந்த வீதியின் கதையது. வெளியிலிருந்து வருபவன் அதனையும் ‘போர்’ என்றே எழுதிவிடுவான். வேறுபாட்டை அறிந்தவன் அவ்வூரவன். அவன் தீட்டினால் அவ்வேறுபாடு நிறத்திலும் உருவிலும் வெளிப்படும். ஆனால் அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளும் பார்வையாளர் இருப்பது கொழும்புச் சுவரின் முன்னல்ல. அதே ஏ-5 வீதியில் நாளும் போய்வருபவர்களே அவர்கள்.

இன்னொன்று: மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைப் பிரச்சினைக்காகப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். படுவான்கரையான் ஒருவன் தீட்டும் மாடு அப்பண்ணையாளருக்கு ஒரு வழக்கின் சான்று. நகரத்துப் பார்வையாளனுக்கு அது கிராமியக் காட்சி. படம் ஒன்றே, பார்ப்பவர் மாறும்போது அதன் பொருளும் மாறிவிடுகிறது. ஆதலால் யார் முதலிற் பார்க்கிறார், யார் முதலிற் பேசுகிறார் என்பது சிறிய விடயமன்று.

ஒளியின் அடிப்படையில் தன் நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் மட்டக்களப்பார். வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் கரை எழுவான்கரை. மேற்கே ஞாயிறு படும் கரை படுவான்கரை. கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்குக்குக் குருத்தோலையாற் பந்தல் சோடிக்கும் கைகளும், கூத்தர்க்குக் கரப்புடுப்பும் முடியும் அமைக்கும் கைகளும் வண்ணத்தையும் வடிவத்தையும் அறியாத கைகளல்ல. ‘கிராமத்தவர்க்கு ஓவியம் விளங்காது’ என்று கூறுவோர், அக்கிராமத்தின் கண் எத்தகைய பயிற்சி பெற்றது என்பதை ஒருநாளும் விசாரித்தறியாதவர்கள்.

4

எமது கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் எழுதல் கூடும்.

முதலாவது வாதம்: ‘கண்காட்சி என்பதே மேலைநாட்டு இரவல், எமது மரபு கூட்டுக் கலை, கூத்துக் களரியிற் பலர் கூடி ஆடுவதே எமக்குரியது, தனியாள் காட்சி வெறும் தனிமனிதவாதம்.’ கேட்பதற்கு முற்போக்காகத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் ஓவியனின் வாயை அடைப்பது. நாவலும் அச்சும் பல்கலைக்கழகமும் இரவலே. எவற்றை இரவல் வாங்கினோம் என்பதைவிட எதற்குப் பயன்படுத்தினோம் என்பதே கேள்வி. தனியாள் கண்காட்சியின் வரலாற்றை நோக்கினால், அது செல்வரின் கேளிக்கையாகத் தோன்றியதன்று என்பதும் புலனாகும். 1855 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் நடுவர்கள் தன் பெரும் படைப்புகள் சிலவற்றை மறுத்தபோது, குஸ்தாவ் கூர்பே என்ற பிரெஞ்சு ஓவியன் அருகிலேயே தன் செலவில் ஒரு கூடம் கட்டுவித்து, ‘யதார்த்தவாதம்’ என்று பெயரிட்டு, ஏறத்தாழ 40 படங்களை மாட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி மக்களுக்குக் காட்டினான். அதிகாரபூர்வமான ரசனைக்கு எதிரான ஒருவனின் வழக்குரையாகவே அக்காட்சி அமைந்தது.

அதற்கு முன்னரே அவன் செய்தது எமது வாதத்துக்கு இன்னும் நெருங்கியது. கூர்பேயின் ஊர் ஓர்னான். அவ்வூர் மக்களையே மாதிரிகளாக நிறுத்தி அவ்வூர்ச் சாவீடொன்றை மாபெருங் கித்தானில் தீட்டினான்; வீதிக்குக் கல்லுடைக்கும் இரு தொழிலாளரையும் தீட்டினான். 1850 இல் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுசெல்லுமுன் ஓர்னானிலும், பெசான்சோன், டிஜோன் ஆகிய மாகாண நகரங்களிலும் காட்சிக்கு வைத்தான். தலைநகரத்தின் தீர்ப்பு வருமுன் அப்படங்கள் தம் ஊராரின் கண்ணைச் சந்தித்துவிட்டன. கல்லுடைப்போரைத் தீட்டியவனின் இம்முறையை, வீதிக்கல்லின் வெடிமருந்தாற் சிதைந்த ஊரின் ஓவியன் கற்றுக்கொள்வது பொருத்தமே.

இரண்டாவது வாதம்: ‘வாங்குவோர் கொழும்பில்தான் உளர்; வாங்குவோர் இல்லாத இடத்தில் காட்சி வைத்து என்ன பயன்?’ இதில் உண்மையுண்டு. அதனை மறுப்பது பொறுப்பற்ற செயல். ஓவியன் உண்ணவேண்டும். ஆயினும் முதலில் ஊரிலும் பின்னர் கொழும்பிலும் காட்டுவதை இவ்வுண்மை தடுக்கவில்லை. மாறாக, ஊரிற் காட்டி, அங்கே எழுந்த பேச்சையும் மறுப்பையும் தாங்கிய படம் கொழும்புக்குச் செல்லும்போது ஓவியன் உறுதியோடு நிற்பான். ‘இதிற் போர் எங்கே?’ என்று கேட்கும் ஒழுங்கமைப்பாளனுக்கு அவனிடம் விடை இருக்கும்.

மூன்றாவது வாதம்: ‘உயர்ந்த கலை தானே வழி தேடிக்கொள்ளும், நிறுவனங்கள் எதற்கு?’ இதற்கு விடையளிக்க வரலாற்றைச் சற்று விரிவாக நோக்கவேண்டும்.

5

1943 இல் கொழும்பில் ‘43 குழு’ தோன்றியது. லயனல் வென்ற், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறீ முதலியோர் அதில் இடம்பெற்றனர். அன்றைய கலைச் சங்கத்தின் பழைமைக்கு எதிராக அவர்கள் எழுந்தனர். வென்ற் மறுவருடமே இறந்தார். எனினும் அவர் பெயரில் கலை நிலையமொன்று கொழும்பில் எழுந்தது. ஹரி பீரிஸ் 1974 இல் சபுமல் நிறுவகத்தை ஏற்படுத்தித் தம் வீட்டையும் குழுவினரின் படங்களையும் அதன் பொறுப்பில் விட்டார். அவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று நாம் அவர்களைப் பற்றிப் பேச முடிவது அவர்களது படங்கள் இருப்பதனால். படங்கள் இருப்பது ஒரு வீடும் ஒரு நிறுவகமும் இருந்தமையால்.

தமிழர் பக்கத்தை நோக்குவோம். 1938 இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்ஸர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். 1959 இல் மாற்குவும் அவருடன் சேர்ந்தோரும் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை அமைத்தனர். அப்பெயரே எமது நிலைமையைக் கூறுகிறது: ஆசிரியத் தொழில் விட்ட விடுமுறையிலேதான் எமது ஓவியம் வாழ்ந்தது. மாற்கு (1933–2000) ஓயாது சோதனை செய்தவர். ஒரு தலைமுறை மாணவரை உருவாக்கியவர். 1987 இல் ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற நூல் அவரைப் பற்றி வெளிவந்தது. 1995 இல் யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது அவரது படைப்புகளிற் பெரும்பகுதி அழிந்து சிதறியது. இன்று அவரைக் கற்க விரும்பும் மாணவனுக்கு அந்நூலும், எஞ்சிய சில படங்களும், அவரிடம் பயின்றோரின் நினைவுமே துணை. கொழும்பில் ஒரு வீடு செய்த பணியை யாழ்ப்பாணத்தில் எந்தக் கட்டடமும் செய்யவில்லை.

கவிதை எரிந்தால் மற்றொரு பிரதி எங்காவது இருக்கும். ஏடு அழிந்தாலும் கூத்து அண்ணாவியாரின் நெஞ்சில் இருக்கும். ஓவியம் ஒன்றே ஒன்று. மேற்கூறிய கூர்பேயின் கல்லுடைப்போர் படமும் 1945 இல் திறெஸ்டன் நகரக் குண்டுவீச்சுக் காலத்தில் அழிந்தது. ஆயினும் அதன் நிழற்படங்கள் இருந்தமையால் உலகம் அதனை இன்றும் அறியும். போரும் புயலும் வெள்ளமும் கண்ட மட்டக்களப்பில், 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட மண்ணில், ஓவியம் தானே வழி தேடிக்கொள்ளும் என்று கூறுவது அறியாமை. அறிந்தே கூறினால் அது கொடுமை.

மட்டக்களப்புக் கூத்துக்கு 1960களில் என்ன நிகழ்ந்தது என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் சென்று கூத்தைக் கண்டார், அண்ணாவிமாரை மதித்தார், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். படித்தோர் இழிவாகக் கருதிய கலை ஆய்வுப் பொருளாயிற்று, மேடைக் கலையாயிற்று, பாடத்திட்டமாயிற்று. ஒரு பல்கலைக்கழகம் மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஓவியத்துக்கு அவ்வாறான மனத்தை எமது தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் இன்னும் வைக்கவில்லை. சுவாமி விபுலாநந்தரின் பெயரால் 1982 இல் மட்டக்களப்பில் தொடங்கியது இசை நடனக் கல்லூரி. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கை நிறுவகமாகியபோதே கட்புலக் கலையும் அங்கு உரிய இடம் பெற்றது. இன்று அங்கு பயின்று வெளியேறும் இளைஞரும் யுவதியரும் பலர். பட்டம் கொடுத்தோம், படத்தை மாட்டச் சுவர் கொடுத்தோமா? படுவான்கரையில் ஓவியத்துக்கென ஒரு பொதுக்கூடம் உண்டா?

1908 இல் ஆனந்த குமாரசுவாமி ‘மத்தியகாலச் சிங்களக் கலை’யை எழுதினார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவர் கண்டி நாட்டுக் கைவினைஞரை அவர்தம் ஊர்களிலேயே கண்டு எழுதியது அந்நூல். படுவான்கரையின் பந்தலையும் முடியையும் பாயையும் அவ்வாறு நின்று நோக்கி, அத்தரத்தில் ஒரு நூல் எழுத எமது பட்டதாரிகளுள் எவர் முன்வருவார்?

6

கண்டனம் மட்டும் செய்து நிறுத்துவது பயனற்றது. உடனடியாகச் செய்யத்தக்கவை சில உள.

ஒன்று: கிழக்கின் ஓவியன் எவனும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ தனியாள் காட்சி வைக்குமுன், அதே படங்களை ஒரு வாரம் தன் மாவட்டத்தில் வைக்க வாய்ப்பளிக்கவேண்டும். பாடசாலை மண்டபம் போதும். கோயில் மண்டபம் போதும். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தின் மண்டபங்கள் உள. செங்கலடியும் கரடியனாறும் அப்பல்கலைக்கழகத்துக்குத் தொலைவல்ல. வெட்டு முடிந்து கூத்தும் சடங்கும் தொடங்கும் பருவமே இதற்கு ஏற்றது. மக்கள் கூடிப் பார்ப்பதற்குப் பழகிய காலம் அது.

இரண்டு: காட்சிக்குரிய கையேடு தமிழில் வரவேண்டும். எமது ஓவியர் பலரின் படங்களைப் பற்றிய முழுமையான எழுத்து ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. தீட்டியவனின் தாய் வாசிக்க முடியாத மொழியில் மட்டும் அவனுடைய படத்துக்கு விளக்கம் இருப்பது வெட்கத்துக்குரியது.

மூன்று: பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒரு படத்தையாவது விலை கொடுத்து வாங்கவேண்டும். அன்பளிப்பாகக் கேட்டுப் பெறுதல் கூடாது. நூலகத்துக்கு நூல் வாங்கும் நாம் ஓவியத்தை மட்டும் இலவசமாக எதிர்பார்ப்பது ஏன்? வாங்கிய படத்தைக் காக்க ஈரம் படாத ஓர் அறையும், இப்பிரதேசத்தில் தீட்டப்படும் படங்கள் யாவற்றையும் நிழற்படமாகப் பேணும் ஓர் ஆவணத் தொகுப்பும் வேண்டும். மாற்குவின் படங்களுக்கு நேர்ந்தது மீண்டும் நேர்ந்தால் பழியைப் போரின்மேற் சுமத்த முடியாது.

நான்கு: எமது தமிழ்ச் சங்கங்களின் ஆண்டிதழ் ஒவ்வொன்றிலும் ஓவியக் காட்சி ஒன்றின் விமரிசனமாவது இடம்பெறவேண்டும். புகழுரை வேண்டா. கவிதைத் தொகுதியைக் கண்டிக்கும் அதே கண்டிப்புடன் எழுதப்படும் விமரிசனம் வேண்டும். நிறம், கோடு, வெளி, கட்டமைப்பு ஆகியன பற்றித் தமிழிற் பேசப் பழகாத ஒரு சமூகம், தன் ஓவியரைப் பிறர் எவ்வாறு வேண்டுமாயினும் விளக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த சமூகமே.

இந்நான்கிற்கும் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. மண்டபங்கள் இருக்கின்றன, அச்சகங்கள் இருக்கின்றன, மாணவர் இருக்கின்றனர். இவை கூடாதவிடத்து, கொழும்பு எமது ஓவியரைக் கொண்டுபோய்விட்டது என்று புலம்ப எமக்கு உரிமையில்லை. கொழும்பு எடுத்துக்கொண்டது நாம் கைவிட்டவற்றையே. அடுத்த வெட்டு முடியும் காலத்தில் படுவான்கரையின் ஒரு பாடசாலைச் சுவரிலாவது இருபது படங்கள் தொங்கவேண்டும். அவற்றின்முன் வயல்வேலை முடித்து வந்தோர் நின்று, ‘இது எங்கள் வீதியல்லவா, ஆனால் இந்த வளைவு இப்படியில்லையே’ என்று ஓவியனோடு வழக்காடவேண்டும். அவ்வழக்குக்கு விடை சொல்ல முடிந்தவன் எந்த நகரத்துச் சுவரின் முன்னும் நிற்கலாம்.